கிளினிக் நாளுக்கும் பேர் விழ வேண்டும்

மலையில் நிற்கும்போது கண் மங்கினால் நாம் என்ன சொல்கிறோம்? வெயில் என்கிறோம், வெறும் வயிறு என்கிறோம், வயசாகிவிட்டது என்கிறோம். பிரஷராக இருக்கும் என்று சொல்பவர்கள் குறைவு.

பிரஷர் வலிக்காது. அதுதான் அதன் கெடுதல். 140க்கு 90 என்ற அளவைத் தாண்டி வருடக்கணக்கில் ஓடும் இரத்தம், கண்ணின் உட்புறத்தில் உள்ள விழித்திரையின் மெல்லிய குழாய்களைத் தடிக்க வைத்துச் சுருக்கிவிடும். நாள் போகப்போக அவை கசியும், இரத்தப் பொட்டுகள் விழும். ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருப்பதால் நமக்குத் தெரியாது. வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கண்ணோடு இது நிற்பதில்லை. விழித்திரை கருவில் மூளையிலிருந்தே வளர்ந்து வருவது. அதன் குழாய்கள் கெட்டிருந்தால் மூளையின் குழாய்களும் கெட்டிருக்கக்கூடும். இவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து அதிகம். இப்படிக் கண் பாதிக்கப்பட்டவர்களை ஸ்கேன் மெஷினுக்குள் அசையாமல் படுக்க வைத்து மூளையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மலையில் கொழுந்து எடுத்தாலும் மடுவத்தில் நிறுத்து, லொறியில் ஏற்றினால்தானே ஃபெக்டரி ஓடும்? மூளையின் பகுதிகளும் அப்படித்தான் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கின்றன. பிரஷரால் கண் கெட்டவர்களிடம் அந்தத் தொடர்பு மற்றவர்களிடம் இருப்பது போல் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். இவை சிறிய ஆய்வுகள். எதனால் எது வந்தது என்பதை இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் கண்ணில் பிரஷரின் அடையாளம் தெரிந்தவரைச் சும்மா அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

நம் ஆட்கள் ஏன் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள்? விளங்காததால் அல்ல. காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, மருந்து எடுத்து லயத்துக்குத் திரும்புவதற்குள் பகல் முடிந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. மாதத்தில் ஒரு நாள் சம்பளம் போகிறதென்றால் அடுப்பைப் பார்ப்பதா, பிரஷரைப் பார்ப்பதா? மாத்திரை முடிந்து இரண்டு மாதம் சும்மா இருந்த அக்காமாரை நமக்குத் தெரியும்.

உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது லேசு. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. ரொட்டிக்குச் சம்பலும் கருவாடும் தவிர வேறு கறி இல்லாத வீட்டில் அந்தத் தேக்கரண்டி எங்கே நிற்கும்? குறைக்க முடிந்ததைக் குறைப்போம். தலை சுற்றல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்துவதை மட்டும் விட்டுவிடுவோம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தோட்ட டிஸ்பென்சரியில் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். பிரஷர் உள்ளவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவை கண் பரிசோதனை வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும்.

கொப்பி வைத்திருப்பவர்கள் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். கிளினிக்குக்குப் போய் எத்தனை பேர் இழந்தீர்கள் என்று கணக்கெடுத்து நிர்வாகத்தின் முன் வைப்போம்.