நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்... இது போதுமா?

உங்க நெட்வொர்க் லேப் ரெக்கார்டைத் திறந்து பாருங்க. டொமைன் கண்ட்ரோலர் எக்ஸ்பரிமெண்ட்டுக்குப் பத்து ஸ்க்ரீன்ஷாட் ஒட்டியிருப்போம். எல்லாத்துலயும் மவுஸ் 'நெக்ஸ்ட்' பட்டன் மேலதான் நிக்கும். வைவால "இந்த ஆப்ஷனை ஏன் டிக் பண்ணீங்க?"ன்னு கேட்டா முழிப்போம். நானும் அப்படித்தான் முழிச்சேன்.

என் கருத்து இதுதான்: இந்த எக்ஸ்பரிமெண்ட்டை விசார்டுல செய்யவே விடக் கூடாது. ஆன்சர் ஃபைல் எழுதித்தான் செய்யணும். அதுவும் ரீட்-ஒன்லி டொமைன் கண்ட்ரோலருக்கு.

ஏன்னு சொல்றேன். போன செமஸ்டர் லீவுல இன்டர்ன்ஷிப் போன கம்பெனிக்கு ஒரு சின்ன கிளை ஆபீஸ் இருந்தது. அங்க சர்வர் ரூம்னா மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை. துடைப்பமும் அங்கதான், சர்வரும் அங்கதான். சாவி ஆணியில தொங்கும். அந்த மாதிரி இடத்துல சாதாரண டொமைன் கண்ட்ரோலர் வச்சு, யாராவது டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனா மொத்தக் கம்பெனி பாஸ்வேர்டும் போச்சு. இதுக்காகத்தான் விண்டோஸ் சர்வர் 2008-ல ரீட்-ஒன்லி வகை வந்தது. அதுல எதையும் மாத்த முடியாது. நாம அனுமதிக்காம எந்தப் பயனரோட பாஸ்வேர்டும் அதுல தங்காது. திருடு போனாலும், அதுல தங்கின கணக்குகளை மட்டும் ரீசெட் பண்ணினா போதும்.

அங்க எனக்குக் கொடுத்த வேலை அந்த ஃபைலை எழுதுறது. பார்க்க இருபது வரிதான். 'டிசிஇன்ஸ்டால்'னு ஒரு தலைப்பு. கீழ, 'ரெப்ளிகா ஆர் நியூ டொமைன்' என்ற இடத்துல 'ரீட்ஒன்லி ரெப்ளிகா'. அப்புறம் டொமைன் பேர், சைட் பேர், டிஎன்எஸ் வேணுமா வேண்டாமா. எழுதி முடிச்சு 'டிசிப்ரோமோ' கமாண்டுக்கு 'அன்அட்டெண்ட்'னு ஃபைலைக் காட்டினா வேலை தானா ஓடும்.

ஆனா ரெண்டு வரியில கை நின்னுடுச்சு. ஒண்ணு, யார் பாஸ்வேர்டு இங்க தங்கலாம்? இன்னொண்ணு, இந்த சர்வருக்கு உள்ளூர் அட்மின் யார்? விசார்டா இருந்தா டீஃபால்ட்டை விட்டுட்டு நெக்ஸ்ட் தட்டியிருப்பேன். டீஃபால்ட்ல அனுமதி குரூப் காலி. அப்படியே விட்டா, தலைமை ஆபீஸ் லைன் கட்டாகிற அன்னைக்குக் கிளையில யாரும் லாகின் பண்ண முடியாது. ஆட்களைச் சேர்த்தா மட்டும் பத்தாது, அவங்க கம்ப்யூட்டர் கணக்குகளையும் சேர்க்கணும். இது எனக்கு அந்த வரியை எழுதும்போதுதான் புரிஞ்சது.

இப்போ என் தப்பையும் சொல்லிடறேன். பாஸ்வேர்டு வரியில டொமைன் அட்மின் பாஸ்வேர்டையே டைப் பண்ணி, ஒரு காப்பியை ஷேர்டு ஃபோல்டர்ல போட்டுட்டேன். பூட்டுக்கு இவ்ளோ யோசிச்சிட்டு சாவியை வாசல்ல வச்ச கதை. மறுநாள் சீனியர் அண்ணா பார்த்து, திட்டாம, உடனே பாஸ்வேர்டை மாத்தினார். "அந்த இடத்துல ஒரு ஸ்டார் போட்டிருந்தா ஓடும்போது அதுவே கேட்டிருக்கும்பா"ன்னார். அவ்ளோதான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

"இதெல்லாம் பழசு மச்சான், இப்போ எல்லாம் பவர்ஷெல்"னு சிலர் சொல்வீங்க. சரிதான், 2012 சர்வர்லயே டிசிப்ரோமோ விசார்டு போயிடுச்சு. ஆனா பவர்ஷெல் கமாண்டும் அதே கேள்விகளைத்தான் கேட்குது. யாரை அனுமதிக்கிற, யாரைத் தடுக்கிற, யாரை நம்புற? டூல் மாறும், கேள்வி மாறாது.

அதனால டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு வேண்டுகோள்: பத்து ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பதிலா ஒரே ஒரு ஃபைல் கேளுங்க. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல 'ஏன்'னு எழுதச் சொல்லுங்க. ஜூனியர்ஸ் முதல்ல எங்களைத் திட்டுவாங்க. பரவாயில்ல, வைவால முழிக்க மாட்டாங்க.