வெட்டுத் தழும்பு கொலைக்குச் சாட்சியா?

பேகம்பூர் கறிக்கடையில் எலும்பைக் கூர்ந்து பாருங்கள். கத்தி பட்ட இடம் மெல்லிய, நேரான கோடாக இருக்கும். நாய் கடித்த எலும்பிலோ குழிகளும் அகன்ற கீறல்களும் இருக்கும். தொல்லுயிர் ஆய்வாளர் துப்புத் துலக்குவதும் இவ்வாறே.

அர்ஜெண்டினாவில் ரெகான்கிஸ்தா ஆற்றங்கரையில் கிடைத்தது, எலும்புக் கவசம் பூண்ட கிளிப்டோடான்ட் என்னும் விலங்கு. அது ஏறத்தாழ 21,000 ஆண்டுப் பழமையானது. அதன் இடுப்பிலும் வாலிலும் கற்கருவியால் அறுத்த தழும்புகள் இருப்பதாக 2024இல் ஆய்வாளர் அறிவித்தனர். அப்படியானால் மனிதனே அதைக் கொன்றான் எனலாமா?

கூடாது என்பேன். தழும்பு, இறைச்சியை அறுத்ததற்கே சாட்சி, கொன்றதற்கு அன்று. காஷ்மீரில் பாம்பூரில் 2000ஆம் ஆண்டு கண்டெடுத்த யானையைப் பாருங்கள். 3 முதல் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மஜ்ஜைக்காக அதன் எலும்பை உடைத்திருக்கிறார்கள். உடன் கிடைத்த கற்கருவிகள் 87. எனினும் வேட்டைக்கு நேரடித் தடயம் இல்லை. தானே மடிந்த யானையாகவும் இருக்கலாம் அல்லவா?

பேருயிர்களை அழித்த பழியை மனிதன்மீது சுமத்துமுன், பௌதிகச் சோதனைக்கூடத்தில் செய்வதுபோல் செய்யுங்கள்: கண்டதை ஒரு பக்கம், ஊகித்ததை மறுபக்கம் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அது விஞ்ஞானம் ஆகாது.