காற்று மட்டும் போதுமா?

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் மாலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், திருவனந்தபுரத்தில் அன்றைக்கு என்னென்ன வண்டிகள் விற்றிருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஷோரூமிலிருந்து நேராக இங்கேதான் வருவார்கள். மாலை, சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம், பிறகு தேங்காய். ராணுவத்தின் பராமரிப்பில் இருக்கும் இந்தக் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதே இல்லை. சாமி கும்பிட வராத நாட்களிலும், சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நிமிடம் நிற்பது என் வழக்கம்.

சென்ற மாதம் ஒருநாள் அப்படி நின்றபோது தரையோடு ஒட்டிய சிவப்பு நிறக் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பல கை மாறியது. இறங்கியவன் கரமனையில் எங்கள் தெருவில் வளர்ந்த பையன். நாகர்கோவில் குடும்பம், இப்போது மென்பொருள் கம்பெனியில் வேலை. "மாமா, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றான். காரணம் பக்தியல்ல, மொழிபெயர்ப்பு.

வெளிநாட்டிலிருந்து அவன் ஒரு பெட்டி தருவித்திருந்தான். உள்ளே சூப்பர்சார்ஜர். அதைப் பொருத்துவதற்கான கையேடு தொண்ணூறு பக்கம், ஆங்கிலத்தில். பொருத்தப் போகிற ஆசானோ நாகர்கோவில்காரர்; நாற்பது வருடமாக எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவர். தமிழில் எழுதிக் கொடுத்தால் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். ஆங்கிலம் வேண்டாம் என்பார். "நீங்க தமிழ் எம்.ஏ. தானே மாமா?" என்றான் பையன். தமிழ் எம்.ஏ. படித்ததற்காக என்னை யாரும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டேன். சூப்பர்சார்ஜருக்குத் தமிழ் என்ன? 'மிகைக் காற்றூட்டி' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இது கொல்லன் துருத்திதானே சார்?" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் ஆசான் சொன்னது சரித்திரப்படியே சரி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற ஊதி, உலைக்களங்களுக்குக் காற்றடிக்கப் பயன்பட்டதுதான். மோட்டார் காரே பிறக்காத காலம் அது. 1885-ல் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதற்குக் காட்லிப் டெய்ம்லர் காப்புரிமை வாங்கினார். 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் கம்பெனி சூப்பர்சார்ஜர் வைத்த கார்களை விற்பனைக்கே கொண்டுவந்தது. சில பழைய பென்ஸ் கார்களின் பின்புறம் 'கொம்ப்ரெஸ்ஸோர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துருத்தியின் ஜெர்மன் பெயர்தான் அது.

வேலை எளிமையானது. சாதாரண எஞ்சின் தானாக மூச்சிழுக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் அழுத்தத்தால் உள்ளே வருகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் இயற்கை தராது. துருத்தியை எஞ்சினின் பெல்ட்டோடு இணைத்துச் சுழலவிட்டால் இன்னொரு 7 பவுண்டைத் திணிக்கலாம். கணக்குப்படி ஏறத்தாழ ஒன்றரை மடங்குக் காற்று. அதே எஞ்சின், ஒன்றரை எஞ்சினாகிவிடும். பையனின் ஆசை இவ்வளவுதான்.

ஆனால் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் எரிக்க முடியாது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். (காற்றழுத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு பக்கத்தை முழுதாகத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.) காற்று ஒன்றரை மடங்கானால் பெட்ரோலும் ஒன்றரை மடங்காக வேண்டும். முழு வேகத்தில் போகும்போது அதற்கும் சற்று அதிகமாகவே, 12 பங்குக் காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கொடுப்பார்கள். மிச்சப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே சூட்டைத் தணிக்கும்.

கையேட்டில் துருத்திக்கு முப்பது பக்கம். மீதி அறுபது பக்கமும் பெட்ரோலைப் பற்றியும் சூட்டைப் பற்றியும்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டர் ஒரு முறை வேலை செய்து முடிக்க ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 20 பங்கு. இஞ்ஜெக்டர் எவ்வளவு பாடுபட்டாலும் அதற்குமேல் திறந்திருக்க முடியாது. அதிலும் 80, 85 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பது தொழில் வழக்கம். ஆகவே பெரிய இஞ்ஜெக்டர் வேண்டும். பெட்ரோல் போய்ச் சேருகிற இடத்தில் இப்போது துருத்தியின் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. அதை மீறித் தெளிக்க பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தருகிற அளவு குறையும். ஆகவே டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பும் மாற வேண்டும். இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டருக்கும் புதுக் கணக்கு எழுத வேண்டும்.

சூடு இன்னொரு தொல்லை. சைக்கிள் பம்ப்பை அடித்தவர்களுக்குத் தெரியும், சுருக்கினால் காற்று கொதிக்கும். நம் ஊரின் 35 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், எந்த விரயமும் இல்லாத துருத்தியிலேயே 70 டிகிரியைத் தாண்டும். உண்மைத் துருத்தியில் இன்னும் மேலே போகும். அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை, பிளக் பொறி வைக்கும் முறைப்படி எரியாமல், ஒரு மூலையில் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். வெளியே கேட்பது சின்னச் சின்னத் தட்டல். உள்ளே ரிங் உடையும், பிஸ்டன் ஓட்டையாகும். பெட்ரோல் குறைந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனால் தன் எடையைப்போல் 9 மடங்குக் காற்றோடு எரிந்து முடிந்துவிடும். எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட இந்தக் கலவை ஏழெட்டு சதவீதம் அதிகமாகத் தேவைப்படும். நாக்கிங்கைத் தடுப்பதில் எத்தனாலுக்கு நல்ல பெயர் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வேறு ஊர்ப் பெட்ரோலை மனதில் வைத்து எழுதிய கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

ஒரு வாரத்தில் மொழிபெயர்ப்பை முடித்துக் கொண்டுபோனேன். ஆசான் மூன்று நாள் வைத்திருந்து படித்தார். நான்காம் நாள் என்னையும் பையனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மக்கா, பெட்டியில துருத்தி இருக்கு, பெல்ட்டு இருக்கு. பெரிய இஞ்ஜெக்டர் எங்க? பம்ப்பு எங்க?"

பையன் தலையைச் சொறிந்தான். துருத்தி மட்டும் தனியாக மலிவாகக் கிடைத்ததாம். மீதியை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். "மெதுவாத்தானே ஓட்டப்போறேன் ஆசானே."

"மெதுவா ஓட்டுதவனுக்குத் துருத்தி எதுக்குலே?" என்றார் ஆசான். "வயித்துல வெறும் காத்தை ஏத்திட்டு சோறு போடாம ஓடச் சொன்னா மனுசனே ஓடமாட்டான். நான் பூட்ட மாட்டேன்."

இந்தச் சண்டைக்கு நூறு வயதாகப் போகிறது. 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் டிம் பர்கின் என்ற பந்தய ஓட்டுநர், டோரதி பேஜட் என்ற சீமாட்டியின் பணத்தில், பென்ட்லி காருக்குத் துருத்தி வைத்தார். காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 110 குதிரைத்திறன் கொண்ட நாலரை லிட்டர் எஞ்சின், துருத்தியோடு சாலைக் காரில் 175-ஐத் தொட்டது. பந்தயக் காரில் 240-ஐயும் எட்டியது. ஆனால் 1930-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் பர்கின் அணியின் துருத்திக் கார்கள் பாதியில் நின்றுபோயின. துருத்தி இல்லாத பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வென்றது. தோற்ற கார்தான் பிறகு புகழ் பெற்றது என்பது வேறு கதை.

கையேட்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால், சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. நான் அதைக் கடைசியாகத்தான் மொழிபெயர்த்தேன். 'மூடிய பந்தயத் தடத்துக்கு மட்டும். பொதுச் சாலைக்கு அல்ல.' விற்கிறவர் தன் பொறுப்பை ஒரே வரியில் கழுவிக்கொள்கிறார். மொழிபெயர்ப்பவனுக்கு அந்த வசதி இல்லை. அதைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

நம் சட்டமும் அதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பற்றிய முக்கியமான தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. வண்டிகளில் மாற்றம் செய்ய கேரள உயர் நீதிமன்றம் இடம் கொடுத்திருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி எந்த மாற்றமும் கூடாது என்றது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், விதிக்குப் புறம்பாக மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. எஞ்சினின் திறன் பதிவில் இருக்கிற விவரம். துருத்தி வைத்தால் அது பொய்யாகிவிடும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டுகிற பக்கமும் அதுவே.

இதே 52-வது பிரிவு கேஸ், பேட்டரி என்று வேறு எரிபொருளுக்கு மாறுகிறவர்களுக்கு நிபந்தனையோடு வழி விடுகிறது. மாற்றுத் திறனாளிகள் தங்களுக்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது. பிழைப்புக்கும் தேவைக்கும் கதவைத் திறந்து வைத்த சட்டம், ஆசைக்குத் திறக்கவில்லை. எனக்கு இதில் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். கையைக் கறையாக்கிக்கொண்டு ஓர் எஞ்சினைப் புரிந்துகொள்ள விரும்பும் பையனையும், சைலன்சரைக் கழற்றி நடுராத்திரியில் தெருவை எழுப்புகிறவனையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. சோதனை செய்து சான்றிதழ் தர ஒரு வழி இருந்தால் முதலாமவன் அந்த வழியில் போவான். ஆனால் கிழக்குக் கோட்டை பஸ் நிலையத்துக்கு முன்னால், பள்ளிவிடும் நேரத்தில் சாலையைக் கடக்கும்போது, நானும் சட்டத்தின் பக்கமே சாய்ந்துவிடுகிறேன்.

வேகத்துக்கென்று இடமே இல்லாமல் போய்விடவில்லை. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் ஐம்பதுகளில் தொடங்கிய பந்தயங்களைப் பார்க்கச் சென்னையே திரண்டு போயிருக்கிறது. 1990-ல் அதன் வாரிசாக இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். சின்ன எஞ்சின், உள்ளூர்ப் பட்டறை. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவைக்கு அருகிலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைச் சொல்கிறது. அதே கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர்கள் யாரும் பழவங்காடிச் சந்திப்பில் பழகிக்கொள்ளவில்லை.

பையன் இரண்டு வாரம் எங்கள் யாரோடும் பேசவில்லை. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ஒரே நாளில் பூட்டித் தருவதாகச் சொன்னார்களாம். போகவில்லை. என் மொழிபெயர்ப்பை மறுபடியும் படித்தேன் என்றான். "அறுபது பக்கமும் பெட்ரோல்தானே மாமா, படிச்சா பயமா இருக்கு." என் எழுத்தைப் படித்து ஒருவர் பயந்து நல்லது நடந்தது என் இருபது வருட அனுபவத்தில் இதுவே முதல் தடவை.

இப்போதைக்கு ஏற்பாடு இது. துருத்தி ஆசானின் அலமாரியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. அடுத்த போனஸில் பம்ப், அதற்கடுத்து இஞ்ஜெக்டர். எல்லாம் சேர்ந்த பிறகு காரைச் சாலையிலிருந்து விலக்கி, லாரியில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்கு மட்டும் கொண்டுபோவது. அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி நாலு பேர் உட்காரும் கார் வாங்கியிருப்பான் என்று ஆசான் பந்தயம் கட்டுகிறார்.

நேற்று பழவங்காடியில் அவனைப் பார்த்தேன். சிவப்புக் கார், பழைய எஞ்சின், பழைய மூச்சு. தேங்காயை ஓங்கி எறிந்தான். சிதறியது. "இது எதுக்குடா?" என்றேன்.

"பெட்ரோல் பம்ப்புக்கு மாமா" என்றான்.