பேரன் கேட்கும் திரை: பெரியதா, வேகமானதா?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரையில் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே போகும்: சர்க்கரை அளவு, பென்ஷன் அரியர்ஸ், பேரப்பிள்ளைகளின் கம்ப்யூட்டர். மூன்றாவதில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பேரன் கேமிங் மானிட்டர் வேண்டும் என்கிறான். வீட்டில் இருக்கிற மானிட்டர் நன்றாகத்தானே தெரிகிறது, இன்னொன்று எதற்கு?"

இதில் இரண்டு கட்சி உண்டு. "சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுக்கு ஒரு பைசா தரமாட்டேன்" என்பது ஒரு கட்சி. பாசத்தில் கடையிலேயே பெரியதாக, விலை கூடியதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுவது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பென்ஷனும் தப்பும், பேரனும் மகிழ்வான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பல வருஷம் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன். அந்த நாற்காலி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. பொருள் எதற்கு என்பதை முதலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் விலைப்புள்ளி கேட்க வேண்டும். தேவையை எழுதாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதை நம் தேவையாக்கிவிடுவார். என் மகள் வயிற்றுப் பேரன் திரை கேட்டபோதும் அதையே சொன்னேன். "எதற்கு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பா." சிரித்தான், ஆனால் எழுதினான். அரைப் பக்கம். அதைப் படித்த பிறகு அவனிடம் நான் நிறையக் கேள்வி கேட்டேன். அவனும் சலிக்காமல் பதில் சொன்னான்.

அவன் ஆடுவது வேலரண்ட். 2020-இல் வந்தது. இதற்கு முன்னோடி கவுன்ட்டர்-ஸ்டிரைக். அது 1999-இல், ஹாஃப்-லைஃப் என்ற இன்னொரு விளையாட்டின் மேல் ஆர்வலர்கள் கட்டிய மாற்றுப் பதிப்பாகத் தொடங்கியது. இரண்டிலும் அணிக்கு ஐந்து பேர். ஆடுபவர் தன் கண்ணாலேயே பார்ப்பதுபோல் திரை இருக்கும். கையில் துப்பாக்கி மட்டும் தெரியும். எதிராளி ஒரு சுவர் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பான், அடுத்த நொடி மறைவான். தலையில் ஒரு குண்டு பட்டாலே பெரும்பாலும் ஆட்டம் முடிந்தது. அந்தச் சுற்று முடியும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆகவே யார் யாரை முதலில் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஹெர்ட்ஸ் என்ற கணக்கு வருகிறது. நமக்குத் தெரிந்த ஹெர்ட்ஸ் மின்சாரத் துறையின் 50 ஹெர்ட்ஸ். இது அதுவல்ல. திரை ஒரு நொடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டியபோது நொடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடின. பேசும் படம் வந்த பிறகு அது 24 ஆனது. நாம் தியேட்டரில் கண்ணீர் விட்ட படமெல்லாம் நொடிக்கு 24 படம்தான். கதை பார்க்க அது தாராளம். வீட்டில் இருக்கும் சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கடிதம் எழுத, சினிமா பார்க்க, வங்கிக் கணக்கு பார்க்க அதுவே அதிகம்.

ஆனால் சுவர் ஓரத்தில் தலை நீட்டுகிறவனைப் பார்க்க அது போதாது. கூட்டல் கழித்தல்தான், போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி செகண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.9. அதாவது ஏறக்குறைய 10 மில்லி செகண்டு மிச்சம். அதோடு, வேகமாக நகரும் உருவம் மெழுகாமல் தெளிவாகத் தெரிகிறது. குறி வைக்க அதுதான் முக்கியம்.

என் கண்ணில் இரண்டு பக்கமும் புரை அறுவை ஆகிவிட்டது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. எழுத்துள்ள ஒரு ஜன்னலை மவுஸால் பிடித்துத் திரையில் இடமும் வலமும் இழுக்கச் சொல்லுங்கள். 60-இல் எழுத்து கலங்கும். 144-இல் இழுக்கும்போதே ஓரளவு படிக்கலாம். கடைக்காரர் பேச்சை நம்ப வேண்டாம், இந்தச் சோதனையை நம்பலாம்.

இனி எல்லைக்கு வருகிறேன். கடையில் 144-க்கு மேல் 240, 360 என்று அடுக்கி வைத்திருப்பார்கள். 240-இல் இடைவெளி 4.2 மில்லி செகண்டு. 144-லிருந்து அங்கே போனால் கிடைப்பது சுமார் 2.8. 360-இல் இடைவெளி 2.8, அங்கே போனால் கிடைப்பது இன்னுமொரு 1.4. முதல் படியில் பத்து, அடுத்த படியில் மூன்றுக்கும் குறைவு, அதற்கடுத்ததில் ஒன்றரை. விலையோ எதிர்த் திசையில் ஏறுகிறது. 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை உள்ள 24 அங்குலத் திரை இன்று பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. 360-க்குப் போனால் அது பல மடங்கு. ஒன்றைக் கண்ணால் பார்த்து விரலை அமுக்க மனிதனுக்குச் சுமார் 200 மில்லி செகண்டு ஆகிறது, இளைஞனுக்கும்கூட. அதில் ஒன்றரை மில்லி செகண்டுக்காக ஒரு மாதப் பென்ஷனைக் கொடுப்பது, உலகப் போட்டியில் பரிசுக்கு ஆடுகிறவனுக்கு நியாயமாக இருக்கலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

நாம் டிவி வாங்கிய பழக்கத்தில் 32 அங்குலம், 4கே என்று தேடுவோம். பேரன் கேட்பது 24 அங்குலமாக இருக்கும். நமக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. ஆடுபவர் கை எட்டும் தூரத்தில் உட்காருகிறார். அந்தத் தூரத்தில் 24 அங்குலம் என்றால் தலையைத் திருப்பாமலே நான்கு மூலையும் கண்ணில் படும். 32 அங்குலத்தில் ஒரு மூலையைப் பார்க்கும்போது மறுமூலையில் வருகிறவன் தப்பிவிடுவான்.

படத்தின் நுணுக்கமும் அப்படியே. 1920-க்கு 1080 என்றால் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, 83 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை புள்ளிகளையும் கம்ப்யூட்டர் வரைந்து தர வேண்டும். வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. சுமை கூடினால் வேகம் குறையும். கவுன்ட்டர்-ஸ்டிரைக் பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்கள் பலர் 1280-க்கு 960 என்று இன்னும் குறைத்து வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கு அழகு வேண்டாம், வேகம் வேண்டும்.

நம் ஊரில் பெத்தாங் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புக் குண்டு 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை இருக்கலாம், விட்டம் 70.5 மில்லி மீட்டரிலிருந்து 80 வரை. எதிராளியின் குண்டை அடித்து விரட்டுகிற திரேர் பெரும்பாலும் சற்றுப் பெரிய, எடை குறைந்த குண்டைக் கேட்பார். பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற புவாந்தேர் சிறிய, கனமான குண்டைக் கேட்பார். விலையை வைத்தா எடுக்கிறார்கள்? செய்கிற வேலையை வைத்து எடுக்கிறார்கள். பேரனும் ஒரு திரேர்தான். அவன் கேட்கிற பொருளை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

பணம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை மிக அவசியம். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது? விளையாட்டின் செட்டிங்ஸில் எஃப்.பி.எஸ். என்ற எண்ணைத் திரையில் காட்டும்படி வைக்கலாம். பேரனை ஓர் ஆட்டம் ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பாருங்கள். அது 150-க்கு மேலேயே நின்றால் வேகமான திரை வாங்கலாம். 70, 80 என்று தடுமாறினால் திரை வாங்கிப் பெரிய பயன் இல்லை. வரைகிறவன் மெதுவாக இருக்கும்போது காட்டுகிறவனுக்கு எதற்கு அவசரம்? அப்போது முதல் செலவு கம்ப்யூட்டருக்குத்தான்.

அட்டைப்பெட்டியில் டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று எழுதியிருக்கும். டி.என். என்றால் தமிழ்நாடு இல்லை, ஐ.பி.எஸ். என்றால் போலீஸ் அதிகாரியும் இல்லை. திரைக்குள் இருக்கும் பலகையின் வகைகள் அவை. டி.என். வேகமானது, ஆனால் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். வி.ஏ.-வில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் இருட்டான காட்சி நகரும்போது நிழல் இழுபடும். ஐ.பி.எஸ். நிறமும் நன்று, வேகமும் இப்போது போதுமான அளவு வந்துவிட்டது. படிப்புக்கும் அதே திரை பயன்பட வேண்டும் என்பதால் நான் ஐ.பி.எஸ். பக்கம்.

"1 எம்.எஸ்." என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சாம்பல் நிறம் இன்னொரு சாம்பல் நிறமாக மாறும் நேரத்தை அப்படிச் சொல்வார்கள். சிலர் வேறொரு அளவையைச் சொல்வார்கள். அநேகமாக எல்லாப் பெட்டியிலும் அந்த எண் இருக்கிறது. எல்லா விண்ணப்பதாரரும் முதல் மார்க் என்று எழுதிக்கொண்டு வந்தால் தேர்வுக் குழு என்ன செய்யும்? அந்தப் பத்தியையே விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கும்.

வாங்கி வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. புதுத் திரையை மாட்டினாலும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் போய் 144 அல்லது 165 என்று மாற்ற வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. வயரில் சில திரைகள் முழு வேகத்துக்கு வராது. டிஸ்பிளேபோர்ட் வயர் இருந்தால் அதையே மாட்டுங்கள். பாரிசிலிருந்து பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னால், வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேளுங்கள். திரையில் ஒரு கோடு விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் விமானம் ஏறப்போவதில்லை.

கடைசியாக முதல் கட்சிக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி விளையாட்டு எனக்கும் பிடிக்காது. ஆனால் இதையும் சூதாட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்துத் தனியாக அங்கீகரித்தது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமும் தந்தார்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு. விளையாட்டுக்குள் துப்பாக்கிக்கு வண்ணச் சட்டை போடுவதற்கு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அதனால் குறி ஒரு நூலளவும் திருந்தாது. அந்தச் செலவுக்கு உங்கள் வங்கி அட்டையைக் கொடுக்காதீர்கள். திரைக்குக் கொடுங்கள், அது ஒரு முறைச் செலவு.

நேரத்தையும் வாங்கும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணி வரை, பரீட்சை மாதத்தில் எப்படி என்று. பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகு போடுகிற நிபந்தனை எதற்கும் உதவாது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது இது. நம்மிடம் ஒரு பொருளைக் கேட்கிற பிள்ளை, அதற்குக் காரணமும் வைத்திருக்கிறது. அதைக் கேட்காமலே மறுத்தால் அடுத்த முறை நம்மிடம் கேட்க மாட்டான். மறைவாக வழி தேடுவான். கேட்காமலே வாங்கிக் கொடுத்தால், விலைதான் தரம் என்று நாமே அவனுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டுங்கள். எத்தனை அங்குலம், எத்தனை ஹெர்ட்ஸ், கம்ப்யூட்டர் எத்தனை வரைகிறது, ஏன் இது என்று எழுதட்டும். எழுதிக் கொடுத்தால் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். ரசீதையும் அட்டைப்பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரணில் பத்திரமாக வையுங்கள்.