யூரியா மூட்டை தூக்கலாமா, கூடாதா?

ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சிட்டு வந்தவங்க நம்ம தென்காசிப் பக்கம் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல 'கனமான வேலை கூடாது'ன்னு ஒரே வரி. விவசாயிக்கு எது கனம்? யூரியா மூட்டை 45 கிலோ. மருந்தடிக்கிற டேங்க் நிரப்பினா 16 லிட்டர் முதுகுல ஏறும். மோட்டார் போட வரப்புல நடந்து போறதும் கனமா?

இது தெளிவா தெரியாததால ரெண்டு விதமா நடக்கு. சில வீட்டுல ஆளைக் கட்டில்ல உட்கார வச்சு வாசல் தாண்ட விடுறதில்ல. சிலர் 'அடைப்பு எடுத்தாச்சுல்லா'ன்னு மாத்திரையை நிறுத்திடுதாங்க. இதுதான் உயிருக்கே ஆபத்து. ஸ்டென்ட்ங்கிறது சின்ன கம்பி வலை. அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். டாக்டர் சொல்லாம ஒருநாளும் நிறுத்தக்கூடாது. பல்லு பிடுங்கப் போனாலும் ஸ்டென்ட் இருக்குன்னு முதல்ல சொல்லணும்.

டாக்டர் நடக்கச் சொன்னா நடக்கத்தான் வேணும். முதல்ல தெருமுனை, அப்புறம் வரப்பு. பேசிக்கிட்டே நடக்குற வேகம் போதும். நெஞ்சு அழுத்தினா உடனே 108. மண்வெட்டியும் மூட்டையும் மறுபரிசோதனையில கேட்டுட்டுத்தான். சாரல் சீசன்ல குற்றாலம் போறதுக்கும் இதே கணக்குதான். மெயினருவியில குளிர்ந்த தண்ணி தலையில அடிக்கிறதும் கூட்டத்துல இடிபடுறதும் இப்பதான் ஸ்டென்ட் வச்சவருக்கு வேண்டாம். அடுத்த வருஷமும் தண்ணி விழும்.

டாக்டர்மாருக்கு என் வேண்டுகோள்: 'கனம்'னு எழுதாம, எத்தனை கிலோ, எத்தனை வாரம்னு எழுதுங்க. 2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர், சுகர் மாத்திரையோட வீட்டுக்கு வர்றவங்களும் 'ஸ்டென்ட் மாத்திரை ஒழுங்கா போடுதீங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா பல குடும்பம் தப்பிக்கும்.