கச்சான் காற்றும் பீலித் தண்ணீரும்

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பொழிந்து தீர்த்துவிட்டு, ஆடி ஆவணி மாதங்களில் உலர்ந்த கச்சானாக ஊவா மாகாணத்து ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்கும்போது, அந்த வாட்டத்தினாலேயே தேயிலைக் கொழுந்தில் ஒரு விசேஷ நறுமணம் ஏறுகிறது. அந்த மணத்தை முன்னிட்டே ஊவாப் பருவத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்திலும் பிற தேசங்களிலும் தனி மதிப்பு உண்டு. அதே காற்று ஊற்றுகளை வற்றச் செய்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணீர் தரும் பீலிகளை நூலாக இளைக்கவும் செய்கிறது. ஆகையால், வரட்சி எல்லோருக்கும் சமமான நஷ்டம் என்ற பேச்சை ஊவாவில் நாம் அங்கீகரிப்பதற்கில்லை.

வரட்சி அளவு மீறி நீண்டால் தோட்டக் கம்பெனிக்கும் நஷ்டந்தான். 2015-இல் சுமார் 32.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, வரட்சி வாட்டிய 2016-இல் சுமார் 29.2 கோடி கிலோவாகக் குறைந்தது. அந்நியச் செலாவணி போயிற்றென்று எல்லோரும் விசாரப்பட்டார்கள். ஆனால், செடியில் கொழுந்தில்லாமல் நிர்ணயித்த கிலோ சேராதபோது முழுப்பேர் என்ற முழுநாட் கூலி போய் அரைப்பேர் என்ற பாதிக் கூலி விழுகிற பெண், விடியுமுன்பே பீலிக்கரையில் குடத்தோடு காத்து நின்று, பிறகு மலையேறி, மாலையில் மறுபடியும் தண்ணீருக்கு நடக்கிறாளே, அந்தப் பிரயாசை எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது? வரட்சியின் பொருளாதாரம் என்பது முதலாவதாக அவளுடைய பொருளாதாரம்.

குழாய் போட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையே இல்லாதிருந்தது. 1987-ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடை இருந்தது. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகும் அத்தடை நீடித்து, 2018-இல்தான் திருத்தம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக, வாக்குக் கேட்டு லயத்துக்கு வர முடிந்த சபையால் தண்ணீர் கொண்டுவர முடியவில்லை. இது பெரிய அநியாயம்.

மலையின் நீரைச் சுரங்கம் வழியே கீழே திருப்பும் உமா ஓயாத் திட்டத்தையும் இதனோடு சேர்த்தே நினைக்கவேண்டும். 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பக்கத்துச் சுரங்கத்துக்குள் நிலத்தடி ஜலம் பீறிட்டுப் பாய, மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகள் வெடிப்புக் கண்டன. பவுசர் தண்ணீரை எதிர்பார்த்து வாழ்ந்த ஜனங்கள் 2017-இல் வீதியில் திரண்டார்கள். 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட அத்திட்டம் 120 மெகாவாட் மின்சாரத்தையும் மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்கு நீரையும் தருவதற்கென ஏற்பட்டது. வறண்ட நிலத்து விவசாயிக்குத் தண்ணீர் போவதை நான் ஆட்சேபிக்கவில்லை, அவனும் ஏழையே. மலையின் நீரைக் கீழே கொண்டுபோக ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவிட முடிந்த தேசத்தில், அதே மாகாணத்து லயத்துக்கு ஒரு தாங்கியும் குழாயும் போடப் பணமில்லை என்ற சமாதானத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

சட்டத்தின் தடை நீங்கிவிட்டபடியால் இனித் தாமதத்துக்கு நியாயமில்லை. ஊவாவின் பிரதேச சபைகள் தங்கள் எல்லையிலுள்ள ஒவ்வொரு தோட்டத்து ஊற்றையும் அளந்து பதிவு செய்து, அதன் மேலுள்ள காட்டுத்துண்டை வெட்டாமல் காக்கட்டும். பருவத் தேயிலைக்குக் கிடைக்கும் அதிக விலையில் ஒரு பங்கைக் கம்பெனிகள் லயத்துக் குடிநீருக்கென்று ஒதுக்கட்டும். தண்ணீர் இல்லாத வாரங்களில் கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடுவதை உடனே நிறுத்தட்டும்.