எதிர்ப்பு சக்தி இல்லாமல் செத்தவர் அல்ல அவர்



ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு துட்டி வீட்டில் கேட்ட பேச்சிலிருந்து தொடங்குகிறேன். இறந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்: "அவனுக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லடே. நேரத்துக்கு ஒழுங்கா சாப்பிட்டிருந்தா தப்பிச்சிருப்பான்."

கொரோனா காலத்திலிருந்து ஊரெல்லாம் புழங்குகிற சொல் இது. யார் செத்தாலும் செத்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எழுந்து போக வசதியான சொல்.

பெரியப்பா 80களில் ஊர் ஊராகப் போய், ஆலைகளில் கொதிகலன் குழாய்களுக்கு உறை சுற்றும் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். எங்கள் தெருவிலிருந்து போனவர்களுக்குக் கிடைத்த வேலை அதுதான். வெள்ளைக் கயிறும் பஞ்சு மாதிரித் தூளுமாக இருக்கும், சாயங்காலம் பார்த்தால் மாவு மில்லில் நின்றவன் மாதிரி இருப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த வெள்ளைத் தூள் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார்.

ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நீரை எடுத்துவிட்டு, டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நீர் மறுபடியும் கோத்தது. மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மீசோதீலியோமா என்று தெரிந்தது. அதுவரை ஒருவர்கூட "என்ன வேலை பார்த்தீங்க?" என்று அவரிடம் கேட்கவில்லை.

மீசோதீலியோமா என்பது நுரையீரலையும் வயிற்று உறுப்புகளையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழைதான் காரணம். இழை உள்ளே போய் 20 முதல் 50 வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். தூசியைச் சுவாசித்த எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால், கண்டுபிடித்த பிறகு ஓரிரு வருடத்தைத் தாண்டுவோர் குறைவு.

இதில் எதிர்ப்பு சக்தியின் பங்கு என்ன? பந்தலில் பேசியவர் நினைத்ததற்கு நேர்மாறானது. நம் உடலில் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் செல்கள் இருக்கின்றன. தூசியோ கிருமியோ வந்தால் அவை விழுங்கிவிடும். ஆஸ்பெஸ்டாஸின் நீண்ட இழைகள் அந்தச் செல்லைவிட நீளமானவை. செல் பாதி விழுங்கித் திணறுகிறது. திணறும்போது அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கக்குகிறது. இழை கரைவதில்லை, சண்டையும் ஓய்வதில்லை. பத்தாண்டுக் கணக்கில் எரியும் அந்த நெருப்பில் உறையின் செல்கள் சேதமாகி, சில புற்றாக மாறுகின்றன. பெரியப்பாவின் எதிர்ப்பு சக்தி தூங்கவில்லை. நாற்பது வருடம் ஓயாமல் வேலை பார்த்திருக்கிறது. அந்த வேலையே அவரைக் கொன்றது.

நோய் வந்த பிறகும் எதிர்ப்பு மண்டலத்தின் நிலை ஆயுளை நிர்ணயிக்கிறது. கட்டிக்குள் புகுந்து புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்கள் நிறைய இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் புற்று அந்த டி செல்களுக்குப் பிரேக் போட்டுவிடுகிறது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள்தான் இம்யூனோதெரபி. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்து 605 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வெளியானது. கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.1 மாதம், புதிய மருந்து பெற்றவர்களுக்கு 18.1 மாதம். இரண்டு வருடம் தாண்டியவர்கள் 27 சதவீதத்திலிருந்து 41 சதவீதமானார்கள். கசாயம் குடித்து இந்தப் பிரேக் விடுபடாது. மருந்துக்கு லட்சக்கணக்கில் ஆகும். அதைத் தொடங்குவதற்கே நோய் இன்னதென்று சீக்கிரம் தெரிய வேண்டும்.

அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் இதே நோய் வந்தது. இந்த நோய்க்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று படித்த அவர், அதற்குப் பிறகு இருபது வருடம் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். இடைநிலை என்பது தீர்ப்பு அல்ல, பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் என்று அவர் விளக்கிய கட்டுரை புகழ்பெற்றது. அவருக்கு வயது நாற்பதுதான். ஹார்வர்டு பேராசிரியர். நோய் சீக்கிரம் தெரிந்தது, சிறந்த சிகிச்சையும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது டிபி மாத்திரை. இந்த வித்தியாசத்தை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியாது. சமூகவியல் படித்தவர்களுக்குத் தெரியும், உடம்புக்கு வெளியே இருப்பவையும் ஒருவரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நம் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டதை நாடே டிவியில் பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததை டிவி காட்டவில்லை. காலனி வீடுகளில் உடைந்து கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைத் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் அள்ளி, வண்டியில் ஏற்றச் சிறிய துண்டுகளாக உடைத்ததை நான் பார்த்தேன். முகத்தில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. உடையாமல் கூரையில் இருக்கும் ஷீட்டால் ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும்தான் இழை பறக்கிறது. அன்று பறந்த இழைக்குக் கணக்கு 2050இல் வரும். அப்போதும் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து எதிர்ப்பு சக்தி இல்லை என்பார்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. வெட்டி விற்ற கனடாவே 2018இல் தடை செய்தது. இங்கே வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போடுகிறோம். அதை வாங்குபவர்கள் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் காசில்லாதவர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருடம், இதில் எது பிந்தையதோ அதுவரை மருத்துவப் பதிவேடு வைத்திருக்கவும் உத்தரவிட்டது. இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலும் மீசோதீலியோமா இருக்கிறது. ஆனால் பெரியப்பாவிடம் ஓர் அடையாள அட்டைகூட இல்லை. கான்ட்ராக்டரின் நோட்டில் பெயர் இருந்திருக்கலாம், அந்த நோட்டு எங்கே? வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லாதவருக்கு நோய் வந்ததற்கு யார் பொறுப்பேற்பார்கள்?

அதனால் மாணவத் தோழர்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன். ஒன்று, உங்கள் தெருவில் ஐம்பது தாண்டியவர்களிடம் உட்கார்ந்து, எந்த வருடம், எந்த ஊரில், என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். கூட வேலை பார்த்தவர்களின் பெயரையும் சேருங்கள். இரண்டு, நெஞ்சில் நீர் கோத்தவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மூன்று, உடைந்த ஷீட்டை அள்ளும் இடத்தில் நின்று, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் எடுக்க வேண்டும், சரியான முகக்கவசமும் கையுறையும் தர வேண்டும் என்று பேரூராட்சியிடம் எழுத்தில் மனு கொடுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த இழையைத் தடுக்காது என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

பந்தலில் அன்று நான் ஒன்றும் பேசவில்லை, பேசும் இடமும் அதுவல்ல. பெரியம்மா மட்டும் உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது: "அவுக சட்டைய நாந்தான தொவைச்சேன்." ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிந்த சட்டையை உதறித் துவைத்த மனைவிகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது. நாங்கள் எழுதத் தொடங்கிய நோட்டில் முதல் பெயர் பெரியப்பாவுடையது. இரண்டாவது பெரியம்மாவுடையது.

ஜெய்பீம்.